உணவல்லாத அன்றாடப் பொருள்களில் வேளாண்மை எங்கெல்லாம் இருக்கிறது?

கேள்வி:
வணக்கம். வேளாண்மை என்றதும் உணவைப் பற்றிப் பேசிவிட்டு, துணிக்குப் பருத்தி, சாக்குக்குச் சணல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். வயலிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரியாத பொருள்கள் எவை, அவற்றில் விளைபொருள் செய்யும் வேலை என்ன என்பதை விளக்க முடியுமா?

மறுமொழி 1:
மாவுச்சத்திலிருந்து தொடங்குங்கள். மக்காச்சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு போன்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மாவுச்சத்து, காகிதத்துக்கு வலிமை சேர்ப்பதோடு, அதன் மேற்பரப்பில் பூசப்படும்போது அச்சு தெளிவாக விழவும் உதவுகிறது. அட்டைப்பெட்டியின் நடுவே நெளிநெளியாக இருக்கும் தாளை இருபுறத் தாள்களோடு ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் மாவுப்பசைதான். மாத்திரையிலோ அது இரட்டை வேலை செய்கிறது: பசையாகச் சேர்க்கப்படும்போது மருந்துத்தூளைப் பிணைக்கிறது, உலர்தூளாகச் சேர்க்கப்படும்போது வயிற்றில் நீரை உறிஞ்சி உப்பி, மாத்திரை உடைந்து கரைய வழிசெய்கிறது. மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது என்பேன்.

மறுமொழி 2:
ரப்பரை விட்டுவிடாதீர்கள். வெப்பத்தில் ஒட்டும், குளிரில் விறைக்கும் என்றிருந்த மரப்பாலின் ரப்பரை, 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டார். செயற்கை ரப்பர் பெருகிய பிறகும், கிழிசலைத் தாங்குவதாலும் உள்ளே வெப்பம் குறைவாகவே சேர்வதாலும், விமான டயர்களுக்கு இயற்கை ரப்பரையே பெரிதும் நம்புகிறார்கள். ஆமணக்கையும் சேர்க்கலாம், அதன் எண்ணெயிலிருந்து நைலான் 11 என்ற நெகிழி தயாராகி, வாகனங்களின் எரிபொருள் குழாய்களாகிறது.

மறுமொழி 3:
ஆமணக்கைக் குறிப்பிடும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் மண்ணில் மக்கிவிடாது. நைலான் 11 மக்குவதில்லை. மக்காச்சோளச் சர்க்கரையை நொதிக்கவைத்துப் பெறும் லாக்டிக் அமிலத்திலிருந்து உருவாகும் பாலிலாக்டிக் நெகிழிகூட, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பம் நிலவும் உரக்கூடங்களில்தான் விரைவாகச் சிதைகிறது. விளம்பரங்கள் மறைக்கும் இந்த வேறுபாட்டை மாணவர்கள் இளமையிலேயே அறிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இந்த எச்சரிக்கையைத் தனிப் பத்தியாகவே எழுதிவிடுகிறேன். தோலையும் கம்பளியையும் தவிர, கால்நடைகளிலிருந்து வருபவற்றில் எதைச் சொல்லலாம்?

மறுமொழி 1:
கம்பளிக் கொழுப்பான லானோலினைச் சொல்லுங்கள். செம்மறியாட்டு ரோமத்தைக் கழுவும்போது பிரியும் இக்கொழுப்பு, உதட்டுப் பூச்சுகளிலும் தோல் களிம்புகளிலும் சேர்கிறது. அதிலுள்ள கொலஸ்டிராலை வேதிமாற்றம் செய்து, புற ஊதாக் கதிர்பட வைத்து வைட்டமின் டி3 தயாரிக்கிறார்கள்.