சத்தம் கேட்டால் முகம் துடித்தது

என் தம்பி செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போகிறவன். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பைக்கோடு விழுந்து, மண்டையில் இரண்டு காதுப் பக்கமும் எலும்பு விரிசல். உயிர் தப்பியது, காது இரண்டும் போய்விட்டது. காது மிஷின் வாங்கிப் பார்த்தோம். அது சத்தத்தைப் பெருக்கித்தான் தரும்; உள்காதே உடைந்த பிறகு பெருக்கி என்ன செய்வது?

காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதுக்குள் மின்முனைக் கம்பியை வைத்து, சத்தத்தை மின்சாரமாக்கி நேராகச் செவி நரம்புக்குக் கொடுக்கும் கருவி) வைக்கலாம் என்ற டாக்டர், செவி நரம்பு அறுந்திருந்தால் அதுவும் உதவாது என்று முதலில் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். நரம்பு நன்றாக இருந்தது. அடிபட்ட நத்தைக்கூட்டுக்குள் (உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட பகுதி) நாளாக நாளாக எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம், அப்புறம் மின்முனைக் கம்பியை நுழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகுதான் வீட்டில் 'ஆடி கழியட்டும்' என்ற பேச்சு நின்றது. முதலமைச்சர் காப்பீட்டில் இந்த ஆபரேஷன் சின்னக் குழந்தைகளுக்குத்தான். கடன் வாங்கிய கதையை விடுங்கள்.

தையல் ஆறி, சில வாரம் கழித்துத்தான் கருவியை ஸ்விட்ச் ஆன் செய்தார்கள். அம்மா "சாமி, கேக்குதாடா?" என்றதும் அவன் இடது கண் படபடவென்று துடித்தது, வாய் ஒரு பக்கம் இழுத்தது. பேச்சை நிறுத்தினால் துடிப்பும் நின்றது. பக்கவாதம் என்றே நினைத்து அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். கருவியை இயக்கிய ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அசரவில்லை. முகநரம்பு நத்தைக்கூட்டை ஒட்டியே போகிறதாம். எலும்பு உடைந்த இடம் வழியாக மின்சாரம் கசிந்து அதைத் தொடுகிறதாம். இருந்த 22 மின்முனைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, துடிக்க வைத்தவற்றை மட்டும் அணைத்தார். மீதியே பேச்சுக்குப் போதுமாக இருந்தது. மண்டை உடைந்தவர்களுக்கு இப்படி வரலாம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அம்மாவை வெளியே உட்கார வைத்திருப்பேன்.

ஆரம்பத்தில் ஆண், பெண் எல்லோரும் ஒரே தகரக் குரலில் பேசுவதாகச் சொன்னான். அம்மா வாயைப் பேப்பரால் மறைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, திருப்பிச் சொல்வதுதான் பயிற்சி. மாங்காய் என்றால் தேங்காய் என்பான். சேலத்துக்காரனுக்கு மாங்காய் கேட்கவில்லையா என்று அம்மாவுக்குக் கோபம் வரும்.

இப்போது எதிரில் உட்கார்ந்து பேசினால் நன்றாகப் பிடிக்கிறது. போனில் வீட்டு ஆட்களின் குரல் மட்டும். கல்யாண மண்டபத்தில் ஒன்றும் புரியாது. பாட்டு, வரி தெரிந்த பழையது என்றால் பரவாயில்லை. தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் கருவியின் வெளி வட்டு (coil), ஹெல்மெட் போட்டால் நகர்ந்துவிடுகிறது என்று சாக்குச் சொல்லி பைக்கை விற்றுவிட்டோம். அதில் அவனுக்கு இன்னும் வருத்தம்தான்.