கிறிஸ்தவக் கோயில் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முன்: வடசென்னை அனுபவப் பகிர்வு (எழுதுபவர்கள் தங்கள் இடப் பெயரில்)

ராயப்பர் கோயில் தெரு:
கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம்) ஆபீசில் கல்யாணப் பேப்பர் இப்போது அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர்தான். ஞானஸ்நான ரெஜிஸ்டரில் சூசை, ஆதாரில் ஜோசப். அங்கே ராயப்பன், இங்கே பீட்டர். சவேரியார் சேவியராகியிருப்பார், ஞானப்பிரகாசம் அலோசியஸ் ஆகியிருப்பார். ஊருக்கே ராயப்பர் பெயர்தான் என்று சொல்லிக்கொள்ளும் ராயபுரத்தில் இதை யாரும் இரண்டு பெயராக நினைப்பதில்லை. சார்பதிவாளர் ஆபீஸ் கம்ப்யூட்டர் நினைக்கும். ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்கக் கொடுக்கும் முன்பே, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்கி, பள்ளிச் சான்றிதழ் நகலோடு பின் பண்ணிவிடுங்கள்.

ஞானஸ்நானச் சான்றிதழ் 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். குழந்தையில் கொடுத்ததை லேமினேட் பண்ணிக் கொண்டுவருவார்கள், செல்லாது. ஒருவர் எந்த ஊர்க் கோயிலில் கல்யாணம் செய்தாலும் தகவல் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் போகும். அங்கே அவர் பெயர் உள்ள பதிவின் ஓரத்தில் தேதி, இடம், துணையின் பெயரை எழுதிவைப்பார்கள். புதுச் சான்றிதழில் அந்தக் குறிப்பு காலியாக இருந்தால்தான் ஆள் கல்யாணமாகாதவர் என்று அர்த்தம். தூத்துக்குடியில் ஞானஸ்நானம் பெற்று காசிமேட்டில் இருப்பவர்கள் இதற்கு ஒரு மாதம் முன்னாலேயே எழுதிப்போடுவது நல்லது. அதன்பின் தயாரிப்பு வகுப்பு, இரண்டு பங்கிலும் மூன்று ஞாயிறு ஓலை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து பங்குச் சாமியாரை அவசரப்படுத்திப் பயனில்லை.

பெண்ணோ மாப்பிள்ளையோ இந்து என்றால் ஞானஸ்நானம் எடுத்தே ஆகவேண்டும் என்பது பழைய பேச்சு. பேராயரிடம் விலக்கு வாங்கினால் கல்யாணம் செல்லும். முன்பு பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று இருவருமே வாக்குக் கொடுக்க வேண்டும். 1970-ல் ஆறாம் பவுல் அதை மாற்றினார். இப்போது கத்தோலிக்கர் மட்டும் தன்னால் ஆனதைச் செய்வதாக வாக்குக் கொடுப்பார். மற்றவருக்கு விஷயத்தைத் தெரியப்படுத்தினால் போதும். சி.எஸ்.ஐ.காரர் (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர் என்பதால் அங்கே வேண்டியது விலக்கு அல்ல, அனுமதி. இரண்டும் வேறு வேறு படிவம்.

வண்ணாரப்பேட்டை சேகரம்:
சி.எஸ்.ஐ.யில் முதலில் சந்தா பாக்கியைப் பார்ப்பார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். ஐயர் (எங்கள் போதகர்) முடித்துவைத்தார், ரெஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கோயில் ரெஜிஸ்டரின் விவரம் 3 மாதத்துக்கு ஒருமுறை அரசுக்குப் போகும்தான். ஆனால் 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்துக்கும் பொது. 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். விட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கோயில் சான்றிதழை மட்டும் வைத்திருப்பவர்கள் விசா வேலை வரும்போதுதான் அலைவார்கள்.

இன்னொன்று, அதே 1872 சட்டத்தில் கல்யாண நேரம் காலை 6 முதல் மாலை 7 வரை. பேராயரின் விசேஷ அனுமதி இருந்தால்தான் விலக்கு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை எப்படி நிற்கும் என்று தெரிந்தும் ஆறரை மணிக்கு ஆராதனை வைப்பது வீண் வம்பு.

கொருக்குப்பேட்டை:
தனிச் சபைக்காரர்கள் (பெரிய திருச்சபை எதிலும் சேராதவர்கள்) பாஸ்டரிடம் கூச்சப்படாமல் லைசென்ஸ் கேளுங்கள். பேராயர் கையால் குருப்பட்டம் பெறாத போதகர், அரசிடம் லைசென்ஸ் வாங்கியிருந்தால்தான் அந்த 1872 சட்டப்படி கல்யாணம் நடத்திவைக்கலாம். பைபிள் கல்லூரிச் சான்றிதழோ, சபையின் சொசைட்டிப் பதிவோ அதற்கு ஈடாகாது. லைசென்ஸ் ஆள் பெயருக்குத்தான் வரும், சபைக்கு வராது. பெரிய பாஸ்டர் பெயரில் இருக்கும், அன்றைக்கு நடத்திவைக்க அவர் மகன் வந்து நிற்பார். அங்கேதான் கோளாறு.

லைசென்ஸ் இல்லையா, 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி முதலில் பதிந்துவிட்டு, பிறகு சபையில் ஜெபம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் 30 நாள், சாட்சி 3 பேர். அந்த நோட்டீஸும் ஒரு ஓலைதான். கோயிலில் வாசிப்பார்கள், இங்கே பலகையில் ஒட்டுவார்கள்.

பாரிமுனை:
பிரிவு விஷயத்தில்தான் பெரிய குழப்பம். 2001 வரை கிறிஸ்தவ மனைவி விவாகரத்துக் கேட்டால் கணவனின் தகாத உறவோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். கணவனுக்கோ தகாத உறவு ஒன்றே போதும். 1869 விவாகரத்துச் சட்டத்தை 2001-ல் திருத்தி இருவருக்கும் ஒரே காரணங்களைக் கொடுத்தார்கள், பரஸ்பர சம்மதமும் அப்போதுதான் வந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் சொந்தத் தீர்ப்பாயம் கல்யாணம் செல்லாது என்று சொன்னால் அது கோயிலோடு சரி. 1996-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் இருதார வழக்கு வரும். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் கொண்டுபோனால் கத்தோலிக்கக் கோயிலில் ஓலை எடுக்க மாட்டார்கள். இரண்டும் வேண்டும். 2015-ல் போப் பிரான்சிஸ், இரண்டாம் தீர்ப்பாயமும் உறுதிசெய்ய வேண்டும் என்ற விதியை நீக்கியதால் கோயில் பக்கத்தில் ஒரு படி குறைந்தது.

ராயப்பர் கோயில் தெரு:
@பாரிமுனை, ஒன்று விட்டுவிட்டீர்கள். தீர்ப்பாயத்தின் தீர்ப்பும் ஞானஸ்நானப் பங்குக்குப் போய், பழைய கல்யாணக் குறிப்புக்குப் பக்கத்தில் ஏற வேண்டும். ஏறியதா என்று நேரில் போய்ப் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால், கையில் தீர்ப்பு இருந்தாலும் அடுத்த சான்றிதழில் கல்யாணமானவர் என்றுதான் வரும்.