பழைய ஜாவா நிரலில் நானூறு இடங்கள் அழைக்கும் ஒரு மெத்தடை எப்படி மாற்றுவது?

கேள்வி (பெருங்குடிக்காரன்):
காப்பீட்டுத் தவணையைக் கணக்கிடும் ஜாவா மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதத் தொடங்கியது. எழுதியவர்களில் ஒருவரும் இப்போது எங்கள் அலுவலகத்தில் இல்லை. தவணைத் தொகையைத் தரும் மெத்தட் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு), தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் ‘டபுள்’ வகையில் இருப்பதால் மாதக் கடைசியில் பைசாக் கணக்கு உதைக்கிறது. அதை, தசமத்தைத் துல்லியமாக வைக்கும் ‘பிக்டெசிமல்’ ஆக்க வேண்டும். அழைக்கும் இடங்களோ நானூறுக்கு மேல். ஒரே மூச்சில் மாற்றிவிடலாமா?

பதில் 1 (தரமணி):
வேண்டாம், நண்பரே. பழைய மெத்தடை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் வேறு பெயரில் புதியதை எழுதுங்கள். சில வாரங்கள் இரண்டையும் ஒரே உள்ளீட்டுக்கு ஓடவிட்டு, விடை வேறுபடும் இடங்களை மட்டும் லாக்கில் (பதிவுக் கோப்பில்) பதியுங்கள். அதன் பிறகு அழைப்பவர்களைப் பத்துப் பத்தாக நகர்த்தலாம்.

கம்பைலர் (நிரலை இயந்திரத்துக்காக மொழிபெயர்க்கும் கருவி) காட்டிக்கொடுக்கும் பிழைகளால் தொல்லை இல்லை, அது காட்டாதவைதாம் ஆளைக் கவிழ்க்கும். இரண்டு டபுள்களை இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிட்ட வரி, இருபுறமும் பிக்டெசிமல் ஆன பின்பும் முணுமுணுக்காமல் கம்பைல் ஆகும். ஆனால் அது மதிப்பைப் பார்க்காமல், இரண்டும் நினைவகத்தில் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று பார்க்கும். சரி என்று ‘ஈக்வல்ஸ்’ போட்டால், அதற்கு 2.0 வேறு, 2.00 வேறு. ‘கம்பேர்டு’ போட்டு, விடை பூஜ்யமா என்று பாருங்கள். 0.1 என்ற டபுளை நேரே பிக்டெசிமலை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்தால் 0.1000000000000000055 என்று தொடங்கும் நீண்ட எண் கிடைக்கும். ஆகவே ‘வேல்யூஆஃப்’ வழியாகவோ சரமாகவோ (எழுத்துத் தொடராக) கொடுங்கள். போதாததற்கு, டபுள் ஒருநாளும் ‘நல்’ (மதிப்பே இல்லாத வெறுமை) ஆகாது, பிக்டெசிமல் ஆகும்.

பதில் 2 (சோழிங்கநல்லூர்):
மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி, எனினும் பழையதையும் புதியதையும் அருகருகே வைப்பதில் எனக்கு அச்சம் உண்டு. ஜாவாவின் ‘டேட்’ வகுப்பில் 1997-இலேயே கைவிடத்தக்கவை என்று குறிக்கப்பட்ட மெத்தடுகள் இன்றும் இருக்கின்றன. அது உலகமே அழைக்கும் இடைமுகம், நீக்க முடியாததற்கு நியாயம் இருக்கிறது. உங்களுடையது வீட்டுக்குள் இருப்பது. லினக்ஸ் கெர்னலில் (அந்த இயங்குதளத்தின் மையப்பகுதியில்) உள் இடைமுகத்தை மாற்றுகிறவரே, அந்த மூலநிரல் மரத்துக்குள் அதை அழைக்கும் இடங்களையும் திருத்தித் தர வேண்டும் என்பது வழக்கம். நீங்களும் நீக்கும் தேதியை இன்றே குறியுங்கள். பழையதைப் புதிதாக யாரேனும் அழைத்தால் பில்டு (நிரலைத் தொகுத்துக் கட்டும் வேலை) உடையும்படி செய்யுங்கள். மெத்தடின் பெயரை நிரலில் மட்டும் தேடாமல், கட்டமைப்புக் கோப்புகளிலும் தேடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தேடினேன், மாதாந்திர அறிக்கையின் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் அந்தப் பெயர் வெறும் சரமாக உட்கார்ந்திருக்கிறது. ஐடிஈ (நிரல் எழுதும் கருவி) காட்டிய நானூறில் அது சேரவில்லை. அதற்கு ஒரு டெஸ்ட் எழுதிவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடப்போகிறேன்.