கரையாத, கறுக்காத நீல மை எது?

அலுவலகக் கோப்புகளில் நான் இடும் கையொப்பம் ஒரு சொட்டு நீர் பட்டாலே கரைந்துவிடுகிறது. பேனா மை நிரப்பி எழுதும் வகை; மெல்லிய எஃப் நிப், புட்டி மையை உறிஞ்சி நிரப்பும் கன்வெர்ட்டர் கொண்டது. தாள் 75 ஜிஎஸ்எம் நகல் தாள். ஜூன் முதல் மையை மாற்றிப் பார்க்கிறேன்.

ராயல் புளூ என்னும் சாதாரண நீல மை பேனாவுக்கு நல்லது, கழுவுவதும் எளிது, ஈரத்தைத்தான் தாங்குவதில்லை. இரும்பு உப்பு கலந்த அயர்ன் கால் மை தண்ணீருக்கு அசையவில்லை. எழுதும்போது அருமையான நீலம், பிறகு காற்றுப்பட்டுக் கறுத்துவிடுகிறது. நகலிலிருந்து அசலைப் பிரித்தறிய, எங்கள் பிரிவில் நீலம் நீலமாகவே தெரிய வேண்டும். கரையாத நுண் நிறத்துகள் கொண்ட நிறமி மையில் இரண்டும் சரி, அந்த நிறத்தை விட மனமே இல்லை! ஆனால் வார விடுமுறை முடிந்து திறந்தால் நிப் உலர்ந்திருக்கிறது. அலசிய பிறகே எழுதுகிறது. நீர் கலந்தும் பார்த்தேன், எழுத்து தாளில் பரவியது.

தினமும் எழுதுபவர்களே, நீரில் கரையாமல், கறுக்காமல், இரண்டு நாள் மூடி வைத்தாலும் உலராமல் இருக்கும் நீல மையாக நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?