டபிள்யூ அண்ட் ஓடி ட்ரெயிலில் அப்பாவோடு நடை

கேள்வி: அப்பா நெல்லையிலிருந்து வந்திருக்கார், வயசு 71. அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஹெர்ண்டன் பக்கம் இந்த ட்ரெயில்ல (நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உள்ள பாதை) தினமும் நடக்கிறோம். பின்னாடி வர்ற சைக்கிள்காரர் "ஆன் யுவர் லெஃப்ட்" என்றதும் இவர் கரெக்டா இடப்பக்கமே ஒதுங்குறார்! நேத்து மயிரிழையில தப்பினார். என்ன பண்றது?

பதில்: இடப்பக்கமா முந்துறேன்னு அர்த்தம். நம்மூர்ல இடது ஓரத்துக்கே பழகின கால், பாவம். வலது ஓரத்துல அவரை விட்டு, நீங்க இடப்பக்கம் நடங்க.

பதில்: வர்ஜீனியாவிலேயே இருக்கிற வியன்னா ஊருக்கு மேற்கே குதிரைக்குன்னு சரளைப் பாதையும் கூடவே போகும். அதுல நடக்கட்டும்.

கேட்டவர்: நன்றி. இந்த ட்ரெயில் 1968 வரை ரயில் ஓடின தடம், 72 கி.மீ.ன்னு அப்பாகிட்ட சொன்னேன். அவர் ரிட்டயர்டு ரயில்வேக்காரர், "அதான் ஏத்தமே தெரியலை"ங்கிறார். இப்போ வியன்னாவில் நிக்கிற சிவப்பு கார்டு வேனை (ரயில் கடைசியில் கார்டு இருக்கிற பெட்டி) பார்க்கணுமாம்.