லைவ் ஆல்பத்தில் கைதட்டல் பாதியில் அறுகிறது, பாட்டு வரிசையும் மாறுகிறது: கார் பென்டிரைவ் உதவி தேவை

பாலாறு பேஸ்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் வேலூர், காட்பாடி பக்கம். வேலை விஷயமாகக் காரில் அடிக்கடி பெங்களூரு போய் வருகிறேன். வண்டியோடு வந்த ஸ்டீரியோதான். யுஎஸ்பியில் எம்பி3 பாடும். ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி ஃபைல்) போட்டால் ஃபைல் இருப்பதாகவே காட்டாது. என்னிடம் இருக்கும் சிடிக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எம்பி3 ஆக்கி, 32 ஜிபி பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டுடியோ ஆல்பங்களில் பெரிதாகத் தொந்தரவு இல்லை. லைவ் ஆல்பம், அதாவது கச்சேரியில் நேரடியாகப் பதிந்தது, போட்டால்தான் வினை.

முதல் பிரச்சினை இடைவெளி. டீப் பர்ப்பிள் ராக் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' ஓடுகிறது என்று வையுங்கள். பாட்டு முடிந்து ஜனம் கத்திக்கொண்டிருக்கும்போதே சத்தம் சுத்தமாக அறுந்துவிடுகிறது. அரை வினாடி ஒன்றுமே இல்லை. அப்புறம் அதே கூச்சல் நடுவிலிருந்து திடீரென்று கிளம்புகிறது. பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' லைவ் ஆல்பம் இல்லை, ஆனாலும் பாட்டுக்குப் பாட்டு ஒட்டி ஓடுவதால் அதிலும் இதே கதை.

இரண்டாவது, வரிசை. 'மேட் இன் ஜப்பான்' 'ஹைவே ஸ்டார்' பாட்டோடு தொடங்க வேண்டும். என் வண்டியில் அது இரண்டாவதாக வருகிறது.

போனிலும் ஒரு லைவ் பிளேலிஸ்ட் வைத்திருக்கிறேன்: தி ஹூவின் 'லைவ் அட் லீட்ஸ்', ஆல்மன் பிரதர்ஸின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கக் கச்சேரி, நிர்வாணாவின் அன்பிளக்டு, இவற்றிலிருந்து பிடித்த பாட்டுகள். அதில் ஒரு பாட்டு காதைக் கிழிக்கிறது, அடுத்தது கிசுகிசுக்கிறது. ஸ்டீரியோ கோளாறா, பென்டிரைவ் கோளாறா, ஃபைல் கோளாறா என்று புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாலாஜா வால்யூம்:
ஸ்டீரியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டுங்க தலைவா. ஒரே நாள் வேலை.

கேபிள் அக்கா, சத்துவாச்சாரி:
வாலாஜா தம்பி, எதற்கெடுத்தாலும் பெட்டியை மாற்றச் சொல்லாதே. வண்டிக்கு வாரண்டி இருந்தால் ஒயரில் கை வைத்ததும் பேச்சு வளரும். இது காசு செலவில்லாமல் சரியாகிற விஷயம்.

பாலாறு தம்பி, முதலில் வரிசையைப் பார்ப்போம். அந்த ஆல்பம் வண்டியில் எந்தப் பாட்டில் தொடங்கி எதில் முடிகிறது? அதைச் சொன்னால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். 'சைல்ட் இன் டைம்' முதலில் வந்து, டிரம்ஸ் சோலோ வருகிற 'தி ம்யூல்' கடைசியில் வந்தால் ஸ்டீரியோ ஆங்கில அகரவரிசைப்படி பாடுகிறது. எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால், பென்டிரைவில் எந்த ஃபைல் முதலில் காப்பி ஆனதோ அந்த வரிசையில் பாடுகிறது. பல கார் ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை, எழுதப்பட்ட வரிசையை மட்டும்தான் பார்க்கும்.

பாலாறு பேஸ்:
அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. 'சைல்ட் இன் டைம்' முதலில், 'தி ம்யூல்' கடைசியில். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் கண்ணாடியை இறக்கினால் சரியாக அப்போதுதான் பாடகர் கில்லன் உச்சத்தில் அலறுகிறார். பக்கத்து லாரிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

கேபிள் அக்கா, சத்துவாச்சாரி:
பார்த்துவிட்டுப் போகட்டும். அப்படியானால் ஃபைல் பெயரில் எண் இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் 01, 02 என்று போடு. வெறும் 1, 2 போடாதே. பத்துப் பாட்டுக்கு மேல் உள்ள ஆல்பத்தில் சில ஸ்டீரியோ 1, 10, 11, 2 என்று போகும். பிங்க் ஃபிளாய்டின் 'பல்ஸ்' மாதிரி இரண்டு சிடி ஆல்பம் என்றால் முதல் சிடிக்கு 101, 102, இரண்டாவதற்கு 201, 202. இல்லாவிட்டால் இரண்டு 01 பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும்.

காப்பி வரிசைப்படி பாடுகிற ஸ்டீரியோ வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பென்டிரைவை ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்து, ஃபைல்களை ஒவ்வொன்றாக, வரிசையாகக் காப்பி செய்யுங்கள். மொத்தமாக இழுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு எழுதும். ஏற்கெனவே எழுதியதை வரிசைப்படுத்த 'ஃபேட்சார்ட்', 'டிரைவ்சார்ட்' மாதிரி இலவச மென்பொருளும் இருக்கிறது.

இடைவெளி பற்றி ராத்திரி எழுதுகிறேன். கல்யாண மண்டபத்தில் மைக் செட் கட்ட வேண்டும்.

காட்பாடி ஜங்ஷன்:
அக்கா வருவதற்குள் ஒரு சங்கதி. 'மேட் இன் ஜப்பான்' ஒரே ராத்திரிக் கச்சேரி இல்லை. 1972 ஆகஸ்ட் 15, 16 ஆகிய நாட்களில் ஒசாகா, 17-ஆம் தேதி டோக்கியோ புடோகான், ஆக மூன்று ராத்திரியிலிருந்து பொறுக்கிக் கோத்தது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' 15-ஆம் தேதி ஒசாகாவில் வாசித்தது. அதற்கு அடுத்து வரும் 'தி ம்யூல்' 17-ஆம் தேதி டோக்கியோவில் வாசித்தது. ஊரே மாறுகிறது, நம் காதுக்குத் தெரிகிறதா? அவ்வளவு பொறுமையாக ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒட்டு வேலையை இந்த எம்பி3 வந்து பிய்த்துப் போடுகிறது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ஐயன் மெய்டன் 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது நானும் கூட்டத்தில் இருந்தேன். முடிந்து வெளியே வந்தும் காதில் ரீங்காரம் நிற்கவில்லை. கச்சேரியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிசப்தம் என்று ஒன்று கிடையாது. யாராவது கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள், யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் அந்த அரை வினாடி நம்மை உறுத்துகிறது.

கேபிள் அக்கா, சத்துவாச்சாரி:
வந்துவிட்டேன். இடைவெளிக்குக் காரணம் இரண்டு, ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்ளாதே.

முதல் காரணம் எம்பி3-யின் பிறவிக் குணம். அது ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் நுண்ணிய அளவெடுப்பு) கொண்ட கட்டங்களாக வெட்டித்தான் எழுதும். சிடி தரத்தில் வினாடிக்கு 44,100 சாம்பிள், ஆக ஒரு கட்டம் சுமார் 26 மில்லிவினாடி. பாட்டு கட்டத்தின் பாதியில் முடிந்தால் மீதியை வெற்று நிசப்தத்தால் நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் நிசப்தம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கை லேம் மாதிரி என்கோடர் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்) ஃபைலின் தலையிலேயே குறித்து வைக்கும். ஃபூபார்2000, பவர்ஆம்ப் போன்ற பிளேயர்கள் அந்தக் கணக்கைப் படித்து, சேர்ந்ததை வெட்டிவிட்டுப் பாடும். கார் ஸ்டீரியோ அனேகமாகப் படிக்காது.

ஆனால் இதெல்லாம் சேர்ந்தாலும் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. நீ சொல்வது அரை வினாடி. அது இரண்டாவது காரணம்: ஸ்டீரியோ ஒரு ஃபைலை மூடிவிட்டு, பென்டிரைவில் அடுத்ததைத் தேடித் திறக்க எடுக்கும் நேரம். இதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது.

அதனால் வழி ஒன்றுதான். ஒட்டி ஓட வேண்டியதை ஒரே ஃபைலாக ஆக்கு. உன் சிடியிலிருந்து வேவ் (சுருக்காத ஒலி) ஃபைலாக எடு. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் இடம் விடாமல் வை. அப்புறம் ஒரே எம்பி3-ஆக 320 கேபிபிஎஸ் தரத்தில் எக்ஸ்போர்ட் செய். இருக்கிற எம்பி3-களை ஒட்டினால் அந்த வெற்று நிசப்தமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், அதனால் வேவிலிருந்தே ஆரம்பி. 'மேட் இன் ஜப்பான்' சுமார் 76 நிமிடம், 320-ல் ஏறக்குறைய 180 எம்பி வரும். உன் 32 ஜிபிக்கு அது ஒரு பாரமே இல்லை.

பாலாறு பேஸ்:
அக்கா, மொத்தமும் ஒரே ஃபைல் என்றால் வேண்டிய பாட்டுக்குத் தாவ முடியாதே? வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் சில சமயம் ஸ்டீரியோ ஃபைலின் தொடக்கத்துக்கே போய்விடுகிறது.

காட்பாடி ஜங்ஷன்:
அதற்கு எல்பி காலத்திலேயே வழி போட்டு வைத்திருக்கிறார்கள் தம்பி. இசைத்தட்டை எப்படியும் புரட்டித்தானே ஆக வேண்டும், அந்த இடத்தில் வெட்டு. 'மேட் இன் ஜப்பான்' இரண்டு எல்பி, நான்கு பக்கம். முதல் பக்கம் 'ஹைவே ஸ்டார்', 'சைல்ட் இன் டைம்'. இரண்டாவது 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்', 'தி ம்யூல்'. மூன்றாவது 'ஸ்டிரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்', 'லேஸி'. நான்காவது முழுக்க 'ஸ்பேஸ் டிரக்கின்', இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு ஃபைல், முடிந்தது வேலை.

'டார்க் சைட்' 1973-இல் வந்த ஒற்றை எல்பி. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யோடு முதல் பக்கம் முடிகிறது, 'மனி'யின் காசுச் சத்தத்தில் அடுத்தது தொடங்குகிறது. இரண்டே ஃபைல். ஃபில்மோர் ஈஸ்ட் இன்னும் சுலபம். 1971 மார்ச்சில் பதிவானது, அதில் 'யூ டோன்ட் லவ் மீ' ஒரு பக்கம், 'விப்பிங் போஸ்ட்' ஒரு பக்கம். ஒரு பாட்டே ஒரு பக்கம் என்றால் நடுவில் அறுக்க என்ன இருக்கிறது?

கேபிள் அக்கா, சத்துவாச்சாரி:
ஜங்ஷன் அண்ணன் சொன்னது என் யோசனையைவிட நல்லது. அப்படியே செய் தம்பி.

கோட்டை அகழி:
போன் பிளேலிஸ்ட் கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். எனக்கும் அதே தலைவலி இருந்ததால் எழுதுகிறேன்.

ஸ்பாட்டிஃபையாக இருந்தால் பிளேபேக் செட்டிங்கில் மூன்றைப் பாருங்கள். கேப்லெஸ் (இடைவெளி விடாமல் பாடுவது) ஆனில் இருக்கட்டும். கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டு தேயத் தேய அடுத்தது மேலெழுவது) 12 வினாடி வரை ஏற்றலாம், ஆனால் முழு ஆல்பம் கேட்கும்போது அது பூஜ்யத்தில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைதட்டல்மேல் கைதட்டல் ஏறிக் குழம்பும். வேறு வேறு கச்சேரியிலிருந்து பொறுக்கிய பிளேலிஸ்டுக்கு 4, 5 வினாடி வையுங்கள். லீட்ஸ் பல்கலைக்கழகக் கூச்சல் மெல்லக் கரைந்து ஃபில்மோர் கூச்சலாக மாறும், வெட்டு தெரியாது.

சத்தம் ஏறி இறங்குவதற்கு நார்மலைசேஷன் ஆன் செய்யுங்கள். ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவாகக் கூட்டிக் குறைக்கும், மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும். பிளேலிஸ்டில் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமன் செய்யும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஒன்றுக்கு மட்டும் செட்டிங்கில் மருந்து இல்லை. லைவ் ஆல்பத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில்தான் அனேகமாக அடுத்த டிராக் எண் விழும். பாடகர் அடுத்த பாட்டைப் பற்றிப் பேசுகிற பேச்சு முந்தைய பாட்டின் வாலில் தொங்கும். பிளேலிஸ்டில் அவர் ஒரு பாட்டை அறிவிப்பார், வருவது வேறு யாரோ. அதனாலேயே நிர்வாணாவின் அன்பிளக்டை நான் பிளேலிஸ்டில் சேர்ப்பதை விட்டுவிட்டேன். 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் அந்த அறையில் நடந்த முணுமுணுப்பு, சிரிப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த ஆல்பம்.

வாலாஜா வால்யூம்:
அப்போ ஷஃபிள் போட்டுக் கேட்பவன் எல்லாம் பாவியா? எனக்கு லைவ் அட் லீட்ஸ், மெட்டாலிகா, ஏசி/டிசி எல்லாம் கலந்து வந்தால்தான் வாணியம்பாடி தாண்டியும் தூக்கம் வராமல் இருக்கிறது.

கோட்டை அகழி:
பாவி எல்லாம் இல்லை தம்பி. கிராஸ்ஃபேடை மட்டும் போட்டுக்கொள்.

பாலாறு பேஸ்:
செய்து பார்த்துவிட்டேன். நான்கு பக்கம், நான்கு ஃபைல், முன்னால் 01 முதல் 04. போகும் வழியில் எங்கேயும் அறுபடவில்லை. ஒசாகா முடிந்து டோக்கியோ தொடங்கும் இடத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பிடிபடவில்லை, ஜங்ஷன் அண்ணனுக்கு ஒரு சலாம். இப்போது பக்கம் மாறும்போது மட்டும் அந்த அரை வினாடி வருகிறது. தட்டைப் புரட்டுகிற இடம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். போன் பிளேலிஸ்டும் 5 வினாடியில் நன்றாக ஓடுகிறது.

கேபிள் அக்கா, சத்துவாச்சாரி:
நல்லது. பென்டிரைவை வண்டியிலேயே குத்தி வைக்காதே. நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் மூடிய காருக்குள் அது வெந்துவிடும். கம்ப்யூட்டரில் ஒரு காப்பி வைத்துக்கொள்.

வாலாஜா வால்யூம்:
எங்கள் பெரியப்பா வண்டியில் யுஎஸ்பியே இல்லை, சிடி மட்டும்தான். அதில் இந்த ஆல்பத்தை எழுதினால் பாட்டுக்குப் பாட்டு இரண்டு வினாடி வெறுமை விழுகிறது. அதற்கும் ஒட்ட வேண்டுமா?

கேபிள் அக்கா, சத்துவாச்சாரி:
வேண்டாம். எழுதும் மென்பொருளில் 'டிராக்-அட்-ஒன்ஸ்' (பாட்டு பாட்டாக எழுதுவது) இருப்பதை 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்' (மொத்த சிடியையும் ஒரே மூச்சில் எழுதுவது) ஆக்கு, பாட்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பூஜ்யமாக்கு. டேட்டா சிடியாக இல்லாமல் ஆடியோ சிடியாக, வேவிலிருந்து எழுது. 76 நிமிடம் 80 நிமிட சிடியில் அடங்கிவிடும். 'பல்ஸ்' எழுதப் போனால் இரண்டு சிடி எடுத்து வை.