பத்தாயத்து வெடிப்பில் அடைத்த பசைக்கு அருகிலேயே புதிய பிளவு: என்ன செய்யலாம்?

கேள்வி (தக்கலை):
எங்கள் பழைய வீட்டில் தாத்தா காலத்து அயனி மரப் பத்தாயம் (நெல் சேமிக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது. அதன் முன்பலகையில், செதுக்கிய பூவேலைக்குக் கீழே, ரேகையின் போக்கிலேயே ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. சென்ற ஆடியில், சாரல் விழுந்துகொண்டிருந்த நாள்களில், எபாக்ஸி பசையில் மரத்தூளைப் பிசைந்து அதை இறுக அடைத்தேன். பங்குனியில் பார்த்தால் பசை கல்லைப்போல் அசையாமல் நிற்கிறது. ஆனால் அதன் மேல்விளிம்பை ஒட்டி, நகம் நுழையும் அகலத்தில் மரமே பிளந்திருக்கிறது. ஆசாரி அதையும் அடைத்துவிடலாம் என்கிறார். அடைக்கலாமா?

பதில் 1:
முதலில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாயத்தின் அடியில் கறுப்புத் துணியை விரித்து வையுங்கள். மாவு போன்ற தூள் புதிதாக உதிர்ந்தால், எதை அடைத்தும் பயனில்லை.

கேட்டவர்:
பத்து நாள் விரித்துப் பார்த்தேன், தூள் விழவில்லை.

பதில் 2 (மரப்பொருள் பாதுகாப்புப் பணியில் இருப்பவன்):
அடைக்க வேண்டாம். மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் ஈரத்தில் விரிந்து வறட்சியில் சுருங்குகிறது, அதிலும் மரத்தின் வளையங்களை ஒட்டிய திசையில் அசைவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் ஆரத்திசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் பலகைக்கு ஓய்வே கிடையாது. நீங்கள் ஆடியில், வெடிப்பு ஒடுங்கியிருந்தபோது அடைத்தீர்கள்; கோடையில் பலகை சுருங்க முயன்றபோது பசை விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் மரம் கிழிந்தது. அடைப்பு எப்போதும் மரத்தைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும்: அழுத்தம் வந்தால் உடைய வேண்டியது அதுவே.

பழைய எபாக்ஸியை எந்தக் கரைப்பானிலும் எளிதாகக் கரைக்க முடியாது. தானாகக் கழன்ற இடத்தை மட்டும் எடுங்கள். நெம்பினால் பூவேலையும் சேர்ந்து வந்துவிடும். புதிய பிளவுக்குப் பால்சா போன்ற இலேசான மரத்தில், ரேகை பலகையின் ரேகைத் திசையிலேயே அமையுமாறு மெல்லிய சீவலை இழைத்து, ஒரு பக்கத்தை மட்டும் வச்சிரப் பசையால் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) ஒட்டுங்கள். மறுபக்கம் ஒட்டாமல் இருக்கட்டும். பலகை அங்கே அசைந்துகொள்ளும். பின்னாளில் வேண்டாமென்றால் வெந்நீர்த் துணியால் இளக்கி எடுத்துவிடலாம். சிறு குழிகளுக்கு, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 பிசினில் நுண்கண்ணாடிக் குமிழ்த்தூளைக் கலந்து பூசலாம். ஆனால் அது 40 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும் என்பதால், வெயில் விழும் இடத்துக்கு ஆகாது. தீயையும் தூளையும் கவனிக்க வேண்டும்: அடுப்பு அருகில் வேண்டாம், முகமூடி அணியுங்கள்.

கேட்டவர்:
சீவலின் அகலத்தை எப்போது அளப்பது?

பதில் 2:
மழைக்காலத்தில், பிளவு மிக ஒடுங்கியிருக்கும்போது. இப்போது அளந்து செய்தால் ஆடியில் பலகை விரிய இடமிராது. கோடையில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தால் தெரியட்டும், நெல் ஒழுகினால் உள்பக்கம் துணியை வைத்துக்கொள்ளலாம். செய்ததையெல்லாம் படமெடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள்.

கேட்டவர்:
ஆசாரியிடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “பலகையைச் சட்டத்தோடு இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்திருக்கிறார்கள், அதை விட்டால்தானே அசையும்” என்றார்.

பதில் 2:
நான் கேட்கத் தவறியதை அவர் கண்டுவிட்டார். துருவேறிய ஆணியைப் பிடுங்காதீர்கள், மரம் பெயரும். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய ரம்பத் தகட்டை நுழைத்து, ஒரு ஓரத்து ஆணிகளை மட்டும் அறுத்துவிடச் சொல்லுங்கள். சீவல் வேலையை அதன் பிறகு பார்க்கலாம்.